ஜீன்ஸுக்குன்னே காட்டன் டி-ஷர்ட் போட்டுப் பாக்கலாம்னு இருக்கறோம்: துணி, நீளம், பிரின்ட் யோசனை சொல்லுங்க

#1 கோபி_வாய்க்கால் | ஞாயிறு காலை 9:40

எல்லாருக்கும் வணக்கமுங்க. நானும் என்ற கூட்டாளிக ரெண்டு பேரும் கோயமுத்தூர்ல வேலைல இருக்கறோம். வருசம் பூராவும் ஜீன்ஸ்தான். ஆனா மேல போடற டி-ஷர்ட் ஒண்ணுகூட உருப்படியா அமையறதில்லீங்க. ஒண்ணு ஜிப்பா மாதிரி கீழ தொங்குது, இல்லாட்டி நாலு தண்ணி பாத்ததும் கையத் தூக்குனா தொப்புள் தெரியுது.

திருப்பூரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு எதுக்கு வெளிய தேடோணும், நாமளே ஒரு நூத்தம்பது பீஸ் போட்டுப் பாக்கலாம்னு முடிவு பண்ணியிருக்கறோம். முழுக்கக் காட்டன், ஜீன்ஸோட போடறதுக்குன்னே. டிசைன் வரைஞ்சாச்சு. முன்னாடி நெஞ்சு நெறைய காங்கேயம் காளை, பின்னாடி முதுகுல தமிழ்ல ஒரு வரி.

தெரிஞ்சுக்க வேண்டியது: எந்த ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்ங்கற துணி எடை) எடுக்கறது, என்ன கலர், பிரின்ட்டுக்கு டிடிஎஃப் (பிலிம்ல அடிச்சு சூட்டுல துணில ஒட்டறது) போதுமா இல்ல ஸ்க்ரீன் (சட்டம் வெச்சு மை தேய்க்கறது) போடோணுமா? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

#2 பீளமேடு_பையன் | ஞாயிறு காலை 9:52

240 ஜிஎஸ்எம், ஓவர்சைஸ், ட்ராப் ஷோல்டர் (தோள் தையல் கை மேல இறங்கி நிக்கறது). வேற எதையும் யோசிக்காதீங்க ப்ரோ. கருப்பு, பீஜ், பாட்டில் கிரீன் மூணே கலர். பேகி ஜீன்ஸுக்கு அதான் செட் ஆகும்.

#3 கட்டிங்டேபிள் | ஞாயிறு காலை 11:15

தம்பி, டிசைன் வரைஞ்சாச்சுன்னு சொல்றீங்க. அது பிரின்ட்டுங்க. டி-ஷர்ட்டு இன்னும் யாருமே டிசைன் பண்ணல.

கட்டிங் டேபிள்லயே பொழப்பு ஓடிட்டவன்ங்கறதால சொல்றேன். ஜீன்ஸோட போடற டி-ஷர்ட்ல வர்ற பஞ்சாயத்து பூராவும் இடுப்புலதான் வரும். துணியும் ஜீன்ஸும் ஒண்ணையொண்ணு தொடற இடம் அதுதான். நெஞ்சுல காளை வருதா மயில் வருதாங்கறதெல்லாம் அப்புறம்.

மொதல்ல நீளம். ஜீன்ஸ் போட்டு நேரா நின்னா டி-ஷர்ட் பாட்டம் ஜிப்போட பாதில வந்து நிக்கோணும். முன் பாக்கெட் வாய் பாதியாவது தெரியோணும். பின்னாடி பாக்கெட்டோட மேல் தையலை மூடுனாப் போதும். அதுக்குக் கீழ போச்சுன்னா கால் குட்டையாத் தெரியும், நீங்க சொன்ன ஜிப்பாக் கணக்கு. மேல நின்னுச்சுன்னா வண்டில உக்காந்து குனியறப்ப முதுகு பூரா வெளிய. சேம்பிள் போட்டதும் கண்ணாடி முன்னாடி நின்னு பாக்கறது பத்தாதுங்க. ரெண்டு கையையும் தூக்குங்க, பைக்ல உக்காருங்க, கீழ விழுந்த சாவியைக் குனிஞ்சு எடுங்க. மூணுலயும் மானம் நின்னா அதான் நீளம்.

எம் சைஸுக்கு 27, 28 இன்ச்னு வைங்க. ஆனா துணி சுருங்கும். 28 இன்ச் வெச்சு 5 சதவீதம் சுருங்குச்சுன்னா 26.6 ஆயிரும். ஒன்றரை இன்ச் கிட்ட காணாமப் போச்சு. நீங்க சொன்ன தொப்புள் கதை இதுதானுங்க. காம்பாக்டிங் (அப்புறம் சுருங்காம இருக்க துணியை முன்னாடியே அமுக்கிச் சுருக்கறது) ஒழுங்கா பண்ணுன துணியா வாங்குங்க. பண்ணியிருக்கறோம்னு கடைக்காரர் சொல்றதை நம்பாதீங்க. ரோல்ல ஒரு மீட்டர் வெட்டி வாங்கி, 50 சென்டிமீட்டருக்கு 50 சென்டிமீட்டர் கட்டம் மார்க்கர்ல போட்டு, வீட்டு மெஷின்ல துவைச்சுக் காயப்போட்டு மறுபடி அளங்க. ஒரு சென்டிமீட்டர் கொறைஞ்சா 2 சதவீதம். வர்ற கணக்கை பேட்டர்ன்ல கூட்டிக்கோணும்.

அடுத்தது ஓட்டை. உங்க பீரோல இருக்கற பழைய டி-ஷர்ட் ஒண்ணை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க. முன்பக்கம், நட்ட நடுவுல, பாட்டம் மடிப்புக்கு நாலு விரக்கடை மேல ஊசி குத்துன மாதிரி ரெண்டு மூணு பொத்தல் இருக்கும். பூச்சி அரிச்சுதுன்னு ஒருத்தர் சொல்லுவாரு, வாஷிங் மெஷின்னு இன்னொருத்தர் சொல்லுவாரு. சரியா அந்த இடத்துக்கு நேரா உள்ள என்ன இருக்குதுன்னு பாத்தா, ஜீன்ஸோட இரும்பு பட்டன். அதுக்கு மேல பெல்ட் பக்கிள். சமையல் மேடை, கடைக் கல்லா, ஆபீஸ் மேசைன்னு எதுல சாஞ்சாலும் துணி நடுவுல மாட்டி அரைபடும். நாள்பட ஒரு லூப் அறுந்து பொத்தலாகும். அதே டி-ஷர்ட்டை வேட்டிக்கோ லுங்கிக்கோ போடறவங்களுக்கு இது விழறது அபூர்வம்.

அதனாலதான் ஜீன்ஸுக்குன்னு தனியாத் துணி பாக்கோணும்ங்கறேன். 30-ஆம் நம்பர் நூல்ல (நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசு) ஓடுன சிங்கிள் ஜெர்சி, அதாவது சாதா டி-ஷர்ட் பின்னல், சுமாரா 150, 160 ஜிஎஸ்எம் வரும். பனியனா உள்ள போட அருமை, பெல்ட்டுக்கு மேல தாங்காது. 24-ஆம் நம்பர் கோம்டு (குட்டை இழையைச் சீவி எடுத்த) நூல், 180 ஜிஎஸ்எம், லூப் டைட்டா ஓட்டுனது எடுங்க. பட்ஜெட் இருந்தா இன்டர்லாக் பின்னல் யோசிக்கலாம், ரெண்டு பக்கமும் ஒரே முகம், பொத்தல் லேசுல விழாது. ஆனா கை வெச்சாலே பள்ளிக்கூட யூனிஃபார்ம் ஞாபகம் வருதுன்னு சிலருக்குப் புடிக்காது.

பயோவாஷ்னு ஒட்டி விப்பாங்க. என்சைம் விட்டு மேல இருக்கற பிசிறைத் தின்ன வெக்கறது. பாக்க வழுவழுன்னு இருக்கும், நல்லதுதான். அளவு மீறிப் போனா நூலோட பலமும் கொஞ்சம் சேந்து போயிரும். ரொம்ப வழுவழுப்பா இருந்தா சந்தேகப்படுங்க.

#4 பீளமேடு_பையன் | ஞாயிறு காலை 11:31

ங்ணா, அப்ப 240 இன்னும் கெட்டிதானே? பொத்தலே விழாது இல்ல?

#5 கட்டிங்டேபிள் | ஞாயிறு காலை 11:48

கெட்டிதானுங்க தம்பி, இல்லைங்கல. ஏப்ரல் மாசம் மத்தியானம் காந்திபுரத்துல டவுன் பஸ் ஏறி, உக்கடம் போயி இறங்கிட்டு வந்து அப்புறம் சொல்லுங்க.

துணி கிலோக் கணக்குல விக்கறதுன்னு மறக்கக்கூடாது. 180-ல சாதாரண ஃபிட் வெட்டுனா கழிவு போக கிலோவுக்கு அஞ்சு பீஸ் கிட்ட வரும். 240-ல ஓவர்சைஸ் வெட்டுனா மூணுதான். பீஸுக்குத் துணிச் செலவு எங்க போயி நிக்குதுன்னு நீங்களே போட்டுப் பாருங்க.

ஜிஎஸ்எம் சொன்னா சொன்னதுதானான்னு பாக்க வட்டக் கட்டர் இருக்குது. 100 சதுர சென்டிமீட்டர் வெட்டித் தரும். அந்தத் துண்டு 1.8 கிராம் இருந்தா 180. கட்டரும் தராசும் இல்லாத கடைல 180-ம்பாங்க, எடை போட்டா 165 நிக்கும்.

#6 ஈரோட்டு_மஞ்சள் | ஞாயிறு மதியம் 12:20

நான் விக்கற ஆளு, தெய்க்கற ஆளு இல்லீங்க. திரும்பி வர்ற கம்ப்ளெய்ன்ட் வரிசையைச் சொல்றேன், உங்களுக்குப் பிரயோசனப்படும்.

மொத இடம் கழுத்து. ரெண்டு தண்ணிக்கு அப்புறம் ரிப் (கழுத்துப் பட்டை) அலையலையா நிக்கும். ரெண்டாவது, சைடு தையல் திரும்பிக்கிட்டு முன்னால வந்துரும். ஜீன்ஸ் போட்டா இது பளிச்னு தெரியும், ஜீன்ஸோட சைடு தையல் நேரா இருக்கும், டி-ஷர்ட்டோடது கோணையா வந்து அது மேல நிக்கும். பிரின்ட் உரியறது அதுக்கு அப்புறம்தான். கலர் போறதுன்னு கருப்புக்கு மட்டும் வருவாங்க.

240 ஓவர்சைஸ் காலேஜ் பசங்களுக்கு ஓடுதுங்க, மறுக்கல. முப்பது தாண்டுன ஆளுக தொட்டுப் பாத்துட்டு, ஏனுங்க இது சொட்டர் மாதிரி இருக்குதுன்னு வெச்சுட்டுப் போயிருவாங்க. எஸ் சைஸ் எச்சாப் போடாதீங்க, தேங்கிரும். எல், எக்ஸ்எல் தாராளமா வெட்டுங்க.

வரி விஷயம்: 2025 செப்டம்பர் 22-ல இருந்து பீஸ் 2500 ரூபா வரைக்கும் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். முன்னாடி ஆயிரத்தைத் தாண்டுனா 12 இருந்துச்சு. அதனால 999-ல விலையை நிறுத்தியே ஆகோணும்ங்கற கட்டாயம் இப்ப இல்ல.

#7 அந்திஷிப்ட் | ஞாயிறு மதியம் 1:05

கண்ணு, நான் பேட்லாக் (பாட்டம் மடிச்சுத் தெய்க்கற மெஷின்) ஓட்டறவ. ஞாயித்துக்கிழமைதான் போனைப் பாக்க நேரம்.

ஈரோட்டு அண்ணன் சொன்ன கழுத்துப் பிரச்சனை முக்காவாசி தையல்ல வர்றது. ரிப்பைக் கழுத்து அளவுக்கே வெட்டக்கூடாது. நூத்துக்கு எண்பத்தஞ்சு அளவுல வெட்டி, இழுத்துக் குடுத்து ஓவர்லாக் அடிக்கோணும். அப்பத்தான் உடம்போட ஒட்டிப் படுக்கும். ரிப்புல லைக்ரா கொஞ்சம் இருந்தே ஆகோணும். நூறு சதவீதக் காட்டன்னு புடிவாதமா ரிப்பும் காட்டன்லயே போட்டா கழுத்து வாயைப் பொளந்துக்கும். பாடிதான் காட்டன், ரிப் லைக்ரான்னு லேபிள்ல போட்டுட்டுப் போங்க.

ஒரு தோள்ல ஆரம்பிச்சு மறு தோள் வரைக்கும் உள்பக்கம் டேப் வெச்சுத் தெய்க்கச் சொல்லுங்க. பேக் மாட்டற தோளு, டேப் இல்லைன்னா தொங்கிரும். பீஸ் ரேட் கொஞ்சம் கூடக் கேப்பாங்க, குடுத்துருங்க.

பாட்டம் மடிப்பு என்ற வேலை. ரெண்டு ஊசித் தையல், உள்ள வலை மாதிரி பின்னல். நூலை டைட் பண்ணி ஓட்டுனா வெளிய அழகாக் கோடு மாதிரி இருக்கும், போட்டு இழுத்தா பட்டு பட்டுன்னு அறும். ஜீன்ஸ் போடறவங்க வண்டில ஏறறப்ப ஒரு தடவை, எறங்கறப்ப ஒரு தடவை பாட்டத்தைப் புடிச்சுக் கீழ இழுத்து விடுவாங்க, நானே பாத்திருக்கறேன், யாரும் தப்பிக்கறதில்ல. அதனால சேம்பிள் வந்ததும் பாட்டத்தை ரெண்டு கையில புடிச்சு அகலமா நல்லா இழுங்க. சத்தம் வந்தா திருப்பிக் குடுங்க. மடிப்பு முக்கால் இன்ச்சுக்குக் கொறையக்கூடாது, ஒரு இன்ச்னா துணி கனமா கீழ நேரா விழும், சுருட்டிக்காது.

கைமடிக்கற புள்ளைக மேல பழியப் போடாதீங்க. கோணலா வந்தா வெட்டுனதுல கோணல்.

#8 கட்டிங்டேபிள் | ஞாயிறு மதியம் 1:22

கடைசி வரி எனக்குத்தான்னு புரியுதுங்க அக்கா.

#9 உடுமலை_அம்மிணி | ஞாயிறு மதியம் 2:10

இது வரைக்கும் பேசுனது பூரா ஆம்பளைங்க கணக்கு. நூத்தம்பதுல பொண்ணுகளுக்கு ஒண்ணாவது இருக்குதா, இல்ல யுனிசெக்ஸ்னு போட்டுக் கைகழுவப் போறீங்களா?

நாங்க போடறது எச்சா ஹை-ரைஸ் ஜீன்ஸ். பட்டன் தொப்புள் கிட்ட நிக்கும். ஜிப்புல பாதின்னு அண்ணன் சொன்ன கணக்கு எங்களுக்குப் பொருந்தாது. ஹை-ரைஸுக்கு 23, 24 இன்ச் நீளமே தாராளம். அதுக்குக் கீழ வந்தா இடுப்பே தெரியாம மூட்டை கட்டுன மாதிரி ஆயிரும். ஆனா அதே பொண்ணு மறுநாள் மிட்-ரைஸ் போடுவா, அப்ப 25-ஆவது வேணும்.

ரெண்டாவது, ஆம்பளை டி-ஷர்ட்டு நெஞ்சும் பாட்டமும் ஒரே அகலத்துல நேரா வெட்டறது. எங்களுக்கு இடுப்புக்குக் கீழ போயி மாட்டிக்கிட்டு, நடக்க நடக்க மேல சுருண்டு ஏறும். பாட்டத்துல அகலம் விடுங்க, இல்லாட்டி ரெண்டு பக்கமும் ரெண்டு இன்ச் ஸ்லிட் குடுங்க.

முன்னாடி மட்டும் ஜீன்ஸுக்குள்ள செருகி விடறது நெறையப் பேருக்குப் பழக்கம். 240-ஐச் செருகுனா வயித்துல உருண்டை மாதிரி நிக்கும். 180-க்கு மேல வேண்டாம். 160-ல வெள்ளை போட்டீங்கன்னா உள்ள இருக்கறது பூராவும் தெரியும், அதையும் வேண்டாம். வாங்கற துணியை உள்ளங்கை மேல விரிச்சுப் பாருங்க. ரேகை தெரிஞ்சா வெச்சுட்டு வந்துருங்க.

#10 காரமடை_செவ்வந்தி | ஞாயிறு மதியம் 2:25

டி-ஷர்ட்டை இன் பண்றதா வேண்டாமான்னு ஒரு இழை தனியா ஓட்டலாம். எங்க அப்பா வேட்டிக்கே இன் பண்ணுவாரு.

#11 நெறியாளர் | ஞாயிறு மதியம் 2:40

அப்பா கதைக்குத் தனி இழை திறங்க, கண்டிப்பா வர்றோம். இங்க துணி மட்டும்.

#12 சாயத்தொட்டி | ஞாயிறு மாலை 5:30

கலர் பத்தி ஒருத்தரும் பேசலியே.

ஜீன்ஸுக்கு நீலம் குடுக்கறது இண்டிகோ. மத்த சாயம் மாதிரி அது நூலோட உள் நடு வரைக்கும் போறதில்ல, மேல வளையம் மாதிரி படிஞ்சு நிக்கும். அதனாலதான் ஜீன்ஸ் தேயத் தேய வெள்ளை தெரிஞ்சு அழகாகுது. அதே காரணத்தால புது ஜீன்ஸ் தொட்ட இடத்துல எல்லாம் நீலத்தை ஒட்டும், ஈரம் பட்டா இன்னும் எச்சா. ஈரத் தேய்ப்புச் சோதனைல 5-க்கு 1, 2 மார்க் வாங்கறது இண்டிகோவுக்கு சாதாரணம். நம்மூரு வேர்வைக்குக் கேக்கவே வேண்டாம். வெள்ளை டி-ஷர்ட்டோட பாட்டம் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க, இடுப்பைச் சுத்தி வெளிறுன நீலக் கோடு ஒண்ணு ஓடும். துவைச்சுப் பூராவா எடுக்க முடியாது.

வெள்ளை போடாதீங்கன்னு சொல்ல வரல. நீல ஜீன்ஸுக்கு வெள்ளை மாதிரி எடுப்பா வேற எது இருக்குது? ஆனா மொத்தத்துல பாதியை வெள்ளைல போடாதீங்க, உள்ள ஒரு சீட்டு வைங்க: புது ஜீன்ஸை உள்பக்கம் வெளிய திருப்பிப் பச்சத்தண்ணில தனியா ஓரிரு தடவை அலசிட்டு அப்புறம் இதோட போடுங்கன்னு.

நீல ஜீன்ஸுக்கு மெரூன், பாட்டில் கிரீன், கருப்பு, மஸ்டர்ட் எல்லாம் நிக்கும். நேவி போட்டா ஜீன்ஸோட நீலமும் அதுவும் சண்டை போடும். கருப்பு ஜீன்ஸுக்கு நேவி பரவால்ல. கிரே மெலாஞ்ச், ஆந்த்ரா மெலாஞ்ச் (இழைலயே கலர் கலந்த வெளிர் சாம்பல், அடர் சாம்பல்) பாக்க ரொம்ப நல்லா இருக்கும். ஆனா வேர்வை பட்டா அக்குள்ள வட்டம் போட்டுக் காட்டறதுல கிரே மெலாஞ்சை அடிச்சுக்க ஆளில்ல. அதோட மெலாஞ்ச்ல சாதாரணமா விஸ்கோஸோ பாலியஸ்டரோ கொஞ்சம் கலந்திருக்கும், உங்க முழுக் காட்டன் வாக்கு அங்க அடிபடும். கேட்டு வாங்குங்க.

இன்னொண்ணு. நூத்தம்பது பீஸ்னா முப்பது கிலோ துணி. அதையும் நாலு கலராப் பிரிச்சா, கலருக்கு ஏழெட்டுக் கிலோ. இதுக்குன்னு தனி ஷேடு எந்தச் சாயப்பட்டறைலயும் எடுக்க மாட்டாங்க. ஸ்டாக் வெச்சிருக்கற துணிக்கடைல என்ன ஷேடு ரோல் இருக்குதோ அதுல இருந்துதான் உங்க கலரைத் தேர்ந்தெடுக்கோணும். போன்ல காட்டுன பச்சை வேணும்னு நிக்காதீங்க. ஒரே கலருக்கு ரெண்டு ரோல் எடுத்தா ரெண்டும் ஒரே லாட்டான்னு (ஒண்ணாச் சாயம் போட்டதான்னு) பாருங்க. பாடி ஒரு லாட், கை ஒரு லாட்டுன்னு ஆச்சுன்னா வெயில்ல காட்டிக் குடுத்துரும்.

அடர் கலருக்கு ஏன் கிலோவுக்கு எச்சா கேக்கறாங்கன்னு யாராவது கேப்பீங்க. சாயமும் எச்சு, உப்பும் எச்சு. அந்த உப்புத் தண்ணியை முன்ன மாதிரி நொய்யல் ஆத்துல விட முடியாது. 2011 ஜனவரில ஐகோர்ட் சாயப்பட்டறைகளை ஒட்டுக்கா மூடச் சொன்னதுக்கு அப்புறம், ஒரு சொட்டும் வெளிய விடாமச் சுத்திகரிச்சு மறுபடி தொட்டிக்கே கொண்டு வர்றோம். ஆர்ஓ, ஆவியாக்கறது, கரண்ட்டு, விறகுன்னு எல்லாச் செலவும் உங்க கருப்பு டி-ஷர்ட்டுல ஏறும். ஏறட்டுமுங்க. சாயக்கழிவு தேங்குன ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழ வெள்ளாமை பண்ணுனவங்களைக் கேட்டா இந்தச் செலவு ஒண்ணும் பெருசாத் தெரியாது.

#13 கோபி_வாய்க்கால் | ஞாயிறு மாலை 6:15

ஒரு கேள்வி கேட்டதுக்கு ஒரு படிப்பே படிச்ச மாதிரி இருக்குதுங்க. எல்லாருக்கும் நன்றி. 240-ஐ விட்டுட்டேன் (பீளமேடு ப்ரோ மன்னிச்சுக்கோங்க). உடுமலை அக்கா சொன்ன பொண்ணுக ஃபிட்டும் தனியாப் போடறோம்.

காளை பிரின்ட்டை மட்டும் விட மனசில்ல.

#14 பவானி_கூடுதுறை | ஞாயிறு மாலை 6:40

காளை, மீசை, வீச்சரிவாள் எல்லாம் திருப்பூர் காதர்பேட்டைல எந்தக் கடைக்குப் போனாலும் தொங்குதுங்க. நம்ம பக்கத்துக்குன்னு இருக்கற ஒண்ணை எடுங்களேன். பவானி ஜமக்காளத்தோட பட்டை. சிவப்பு, பச்சை, கருப்பு, நீலம்னு கெட்டியா வர்ற பட்டைகளை அப்படியே டி-ஷர்ட்ல நெஞ்சுக்குக் குறுக்க ஓட்டுனா, நீல ஜீன்ஸுக்கு மேல எப்படி இருக்கும்? பிரின்ட்டே வேண்டாம், நூல்லயே கலர்.

#15 வட்டமெஷின் | ஞாயிறு மாலை 7:25

ஆசை நல்ல ஆசைங்க. நிட்டிங்காரனாச் சொல்றேன், நடக்கறது எதுன்னு பாக்கலாம்.

சாதா மெஷின்ல ஃபீடர் ஸ்ட்ரைப்தான் ஓட்ட முடியும். 30 இன்ச் விட்டம், 24 கேஜ் (இன்ச்சுக்கு 24 ஊசி) மெஷின்ல 90 ஃபீடர், அதாவது நூல் குடுக்கற வாய், இருக்குதுன்னு வைங்க. ஒவ்வொரு ஃபீடரும் ஒரு வரிசை பின்னும். எந்த ஃபீடருக்கு எந்தக் கலர் கோன் மாட்டறோமோ அந்த வரிசை அந்தக் கலர். ஒரு சுத்துக்கு 90 வரிசை, கிட்டத்தட்ட ரெண்டு இன்ச். அதோட முடிஞ்சு மறுபடி முதல் கலர்ல இருந்து வரும். அதாவது ரெண்டு இன்ச்சுக்குள்ள அடங்கற டிசைன் எதுவா இருந்தாலும் ஓட்டலாம். ஜமக்காளத்துப் பட்டை ஒவ்வொண்ணுமே அதைவிட அகலம். அதுக்கு ஓடறப்பவே நூல் கலரை மாத்தற ஆட்டோ ஸ்ட்ரைப்பர் மெஷின் வேணும். ஓட்டற வேகம் கம்மி, கூலி எச்சு, முப்பது கிலோவுக்கு செட் பண்ணச் சம்மதிக்கற ஆளைத் தேடோணும்.

ஸ்ட்ரைப்புல இன்னொரு வம்பு இருக்குது. ஒரு சுத்துக்கு 90 வரிசை சேந்து ஏறுதுன்னா, ரெண்டு இன்ச் சாய்மானம் துணிலயே இருக்குதுன்னு அர்த்தம். ப்ளெய்ன் துணில கண்ணுக்குத் தெரியாது. பட்டை போட்டீங்கன்னா கட்டிங்ல நேராக்கி வெச்சு, சைடு தையல்ல முன் பட்டையும் பின் பட்டையும் பொருத்தி ஊசி குத்தி வெட்டோணும். பொருந்தலைன்னா பத்தடி தூரத்துல வர்றப்பவே தெரியும்.

ஈரோட்டு அண்ணன் சொன்ன தையல் திரும்பறதும் இதே சங்கதிதான். சிங்கிள் ஜெர்சில நூலோட முறுக்கு ஒரு பக்கமா இழுக்கும், மெஷின் சாய்மானமும் சேந்துக்கும், துவைச்சதும் துணி தன்பாட்டுக்குத் திரும்பும். கட்டிங் அண்ணன் சொன்ன அதே கட்டத்துல, சுருக்கத்தோட சேத்து எவ்வளவு கோணிச்சுன்னும் பாத்துக்கோங்க. 5 சதவீதத்துக்குள்ள இருந்தா கண்ணு கண்டுக்காது.

நூத்தம்பது பீஸுக்கு என்னோட யோசனை: வெள்ளைல நீலம், வெள்ளைல கருப்புன்னு மெல்லிசு ஃபீடர் ஸ்ட்ரைப் துணி ஸ்டாக்குலயே கெடைக்கும். ஜமக்காளத்தை அடுத்த சுத்துக்கு வெச்சுக்கலாம்.

#16 பவானி_கூடுதுறை | ஞாயிறு மாலை 7:33

ரெண்டு இன்ச்சுக்குள்ள ஜமக்காளத்தைச் சுருக்கி ஓட்டுனா துண்டு மாதிரி ஆயிரும். வேண்டாம் விடுங்க.

#17 மெஷ்_டேபிள் | ஞாயிறு இரவு 8:50

பிரின்ட்டுக்கு வர்றேன். எங்க பட்டறைல ஸ்க்ரீனும் இருக்குது, டிடிஎஃப்பும் இருக்குது, அதனால எந்தப் பக்கமும் சாயல.

நெஞ்சு நெறைய காளைன்னா ஸ்க்ரீன்ல அடிக்கற பிளாஸ்டிசால் மையோ டிடிஎஃப்போ எதுவா இருந்தாலும் அந்த இடத்துல காத்துப் போகாது. நீங்க அவ்வளவு யோசிச்சு எடுத்த 24-ஆம் நம்பர் காட்டன் அந்தக் காளைக்கு அடில பிளாஸ்டிக் காகிதம் மாட்டுன மாதிரி வேகும். பெரிய பிரின்ட்டே வேணும்னா கோட்டோவியமாப் போடுங்க. கொம்பு, திமில், முதுகு வளைவு மூணே கோடு. காங்கேயம் காளைக்கு அது போதும், திமிலைப் பாத்தாலே நம்மாளுக கண்டுபிடிச்சுருவாங்க. மை கம்மியா உக்காரும், துணி மூச்சு விடும்.

கருப்பு, மெரூன் மாதிரி அடர் துணில டிஸ்சார்ஜ் பிரின்ட் கேட்டுப் பாருங்க. துணில இருக்கற சாயத்தையே அந்த இடத்துல எடுத்துட்டு அங்க கலர் வெக்கறது. கை வெச்சா பிரின்ட் இருக்கறதே தெரியாது. ஆனா எல்லாச் சாயமும் டிஸ்சார்ஜ் ஆகாது, சின்னத் துண்டுல அடிச்சுப் பாத்துட்டுத்தான் வேலையை எடுப்போம். மொதத் தண்ணி வரைக்கும் ஒரு வாடை வரும், துவைச்சே குடுங்க.

முதுகு வரிக்கு வர்றேன். நீங்க கோயமுத்தூர்ல வேலைக்குப் போறவங்க, முதுகுல லேப்டாப் பை மாட்டுவீங்க. பை தேய்க்கற இடத்துலயே கெட்டி மையைப் போட்டா ஒரு வருசத்துல வெடிப்பு விழுந்து உரியும். அந்த வரியைக் கழுத்துக்குக் கீழ சின்னதாப் போடுங்க, இல்ல கீழ இடுப்போரமாப் போடுங்க.

தமிழ் எழுத்துக்கு ஒண்ணு. கம்ப்யூட்டர்ல பாக்கறப்ப அழகா இருக்கற மெல்லிசு ஃபான்ட் துணில நிக்காது. ஜெர்சி மேல மை லேசா விரியும், ணகரத்தோட சுழி, கொக்கி எல்லாம் அடைச்சுக்கிட்டுக் கறுப்புப் பொட்டா நிக்கும். சுழிக்குள்ள இடம் விட்ட தடிச்ச எழுத்தா எடுங்க, நிஜ அளவுல தாள்ல அடிச்சுச் சுவத்துல ஒட்டி நாலடி தள்ளி நின்னு படிங்க.

நூத்தம்பதையும் மூணு டிசைனாப் பிரிச்சீங்கன்னா டிடிஎஃப் கட்டுபடியாகும், ஸ்க்ரீன் செலவு இல்ல. ஒரே டிசைன், ஒரே கலர் மைன்னா ஸ்க்ரீன்தான் லாபம், கலருக்கு ஒரு ஸ்க்ரீன் போதும். சினிமாக்காரர் மூஞ்சி, வேற கம்பெனி முத்திரை எல்லாம் கொண்டு வராதீங்க, நாங்க அடிக்க மாட்டோம்.

#18 பீளமேடு_பையன் | ஞாயிறு இரவு 9:05

மூணே கோட்ல காளை செம ஐடியா. ஆனா எல்லாரும் சேந்து 240-ஐக் கொன்னுட்டீங்க. டிசம்பர்ல ஊட்டி போறப்ப ஞாபகம் வரும்.

#19 ஈரோட்டு_மஞ்சள் | ஞாயிறு இரவு 9:12

டிசம்பருக்கு இருபது பீஸ் வேணா போடச் சொல்லுங்க, நான் எடுத்துக்கறேன். இருபத்தொண்ணாவது வேண்டாம்.

#20 கோபி_வாய்க்கால் | ஞாயிறு இரவு 9:40

இப்போதைக்கு இப்படி வெச்சிருக்கறோம். 24-ஆம் நம்பர் கோம்டு, 180, ஸ்டாக் ரோல்ல மெரூன், கருப்பு, பாட்டில் கிரீன், கொஞ்சம் வெள்ளை. ஆம்பளைக்கு 28 நீளம், சுருக்கம் பாத்துக் கூட்டிக்கறோம். பொண்ணுகளுக்கு 24, ஸ்லிட் வெச்சு. லைக்ரா ரிப், தோள் டேப், ஒரு இன்ச் பாட்டம். முன்னாடி மூணு கோட்டுக் காளை, மெரூனுக்கும் கருப்புக்கும் டிஸ்சார்ஜ் ஆகுதான்னு பாத்துட்டு.

கட்டிங் அண்ணா, பேட்டர்ன் பாக்க வர்ற சனிக்கிழமை திருப்பூர் வரலாமுங்களா? எங்களுக்கு அன்னைக்குத்தான் லீவு.

#21 கட்டிங்டேபிள் | ஞாயிறு இரவு 10:02

28-ன்னு முடிவே பண்ணாதீங்க, துணியைத் துவைச்சுட்டு வாங்க. பொண்ணுக ஃபிட்டுக்கு 24 ஒண்ணு, 25 ஒண்ணு ரெண்டு சேம்பிள் போட்டு அம்மிணிகிட்டக் குடுத்துக் கேளுங்க, நான் சொன்னா எடுபடாது. பேசறதுக்கு வர்றப்ப நீங்க எச்சாப் போடற ஜீன்ஸையே போட்டுட்டு வாங்க, பெல்ட்டோட. அது மேல வெச்சுத்தான் நீளம் குறிக்கோணும்.

சனிக்கிழமை மட்டும் வேண்டாமுங்க தம்பி. சம்பள நாளு, அந்தி வரைக்கும் ஒருத்தரும் முகங்குடுத்துப் பேச மாட்டாங்க. ஒரு நாள் லீவு போட்டு செவ்வாய், புதன்ல வாங்க.

#22 அந்திஷிப்ட் | ஞாயிறு இரவு 10:10

சனிக்கிழமை வந்தா நான் பேசறேன் கண்ணு. சம்பளம் வாங்குனதுக்கு அப்புறம்.